கார்டு குறியீடுகளைச் சுரங்களின் துணையோடு படிக்கும் முறை

மதுரையிலும் சுற்றூர்களிலும் திருவிழா மேடைகளுக்கும் தேவாலயப் பாடற்குழுக்களுக்கும் கீபோர்டு வாசிக்க வருவோரில், கர்நாடக இசையின் தொடக்கப் பாடங்களான சரளி வரிசையும் அலங்காரமும் முன்பே பயின்றவர்கள் உண்டு. பாடல் வரிகளுக்கு மேல் எழுதியிருக்கும் கார்டுகள் (chord; ஒரே நேரத்தில் சேர்ந்தொலிக்கும் சுரங்களின் தொகுதி) ஒவ்வொன்றையும் விரல் வடிவமாக அவர்கள் மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. கற்ற சுரங்களைக் கொண்டே அவற்றைப் படித்துவிடலாம்.

குறியீட்டின் முதல் எழுத்து, ஷட்ஜத்தை (ச) எங்கே வைப்பது என்பதைச் சொல்கிறது. சுருதியின் உயரத்தைச் சொல்லும் கட்டைக் கணக்கில், சி என்றால் 1 கட்டை, ஜி என்றால் 5 கட்டை. பாடலின் சுருதி மாறாமல் இருக்கும்போதே, கிரகபேதம் (ஒரு ராகத்தின் வேறொரு சுரத்தை ஷட்ஜமாகக் கொள்வது) செய்வதைப் போல ஒவ்வொரு கார்டுக்கும் ஷட்ஜத்தை மனத்தளவில் இடம் மாற்றிக்கொள்ள வேண்டும். எழுத்து தனித்து நின்றால் மேஜர்: ஷட்ஜம், அந்தர காந்தாரம் (க), பஞ்சமம் (ப). சிறிய எம் சேர்ந்தால் மைனர். அந்தர காந்தாரத்தின் இடத்தில் சாதாரண காந்தாரம் வரும், மற்ற இரண்டும் மாறா.

பலரும் தடுமாறுவது 7 என்ற எண்ணில்தான். வெறும் 7 எப்போதும் கைசிகி நிஷாதத்தையே (நி) குறிக்கும். காகலி நிஷாதம் வேண்டுமானால் ‘மேஜ் 7’ என்றோ சிறு முக்கோணமிட்டோ எழுதுவார்கள். மேல் ஷட்ஜத்திலிருந்து இரண்டு அரைச்சுரம் (கீபோர்டில் அடுத்தடுத்த இரண்டு கீகளின் இடைவெளி ஓர் அரைச்சுரம்) கீழே இருப்பது கைசிகி, ஒன்று கீழே இருப்பது காகலி. ஆகவே ஜி7 என்பது ஜி, பி, டி, எஃப். ஜி மேஜ் 7 என்பதில் கடைசிச் சுரம் எஃப் ஷார்ப். மேஜரைப் பெரிய எம் என்று சுருக்கி எழுதுவோரும் உண்டு; கையெழுத்தில் அதுவும் மைனரின் சிறிய எம்மும் எளிதில் குழம்பும் என்பதால், ‘மேஜ்’ என்று விரித்தெழுதுவதையே நான் வலியுறுத்துவேன்.

சஸ் 4 (sus4) என்றால் காந்தாரத்தை நீக்கிச் சுத்த மத்தியமத்தை வைக்க வேண்டும். டிம் (dim) என்பதில் சாதாரண காந்தாரத்தோடு, பஞ்சமமும் அரைச்சுரம் இறங்கும்; ஆக் (aug) என்பதில் அந்தர காந்தாரம் நிற்க, பஞ்சமம் அரைச்சுரம் ஏறும். சாய்கோட்டுக்குப் (/) பின் வரும் எழுத்து, பேஸ் (மிகத் தாழ்ந்த ஒலி) வாசிப்பவருக்கான சுரம்.

6 என்ற எண் மேஜரோடு சதுச்ருதி தைவதத்தைச் சேர்க்கும். சி6, ஏ மைனர் 7 ஆகிய இரண்டிலும் சி, ஈ, ஜி, ஏ என்ற அதே நான்கு சுரங்களே உள்ளன. எதை ஷட்ஜமாகக் கேட்கிறோம் என்பதைப் பொறுத்தே பெயர் அமைகிறது, அதைப் பெரும்பாலும் முடிவு செய்வது பேஸ் சுரமே.

பாடகருக்காகச் சுருதியை மாற்றும்போது முதல் எழுத்தையும், சாய்கோட்டுக்குப் பின் எழுத்து இருந்தால் அதையும் மாற்றினால் போதும். மைனர், 7 போன்ற மற்றவை அப்படியே நிற்கும். 1 கட்டையில் சி, ஏ மைனர், எஃப், ஜி7 என்று எழுதிய வரிசை, 5 கட்டையில் ஜி, ஈ மைனர், சி, டி7 என்றாகும்.