வெடிமருந்து நிரப்பும் கூடத்தில் தொழிலாளரின் உடலைக் காப்பது எப்படி?

போர் மூண்டதும் தொழிற்சாலைகளில் முதலில் பறிபோவது வார ஓய்வு. 1915-இல் பிரிட்டனில் வெடிமருந்துத் தொழிலாளர்களின் உடல்நலத்தை ஆராய அமைக்கப்பட்ட குழு, ஞாயிற்றுக்கிழமை வேலையை நிறுத்துமாறுதான் முதலில் பரிந்துரைத்தது. குண்டின் திரிப்பகுதிகளைக் கடைசல் இயந்திரத்தில் கடைந்த பெண்களின் வேலைநேரம் வாரத்துக்குச் சுமார் 66 மணியிலிருந்து படிப்படியாகச் சுமார் 45 மணியாகக் குறைந்தபோது, மொத்த உற்பத்தி சற்றுக் கூடவே செய்தது. ஆகவே, அவசர உத்தரவு எவ்வளவு வந்தாலும் ஷிப்டை நீட்டாதீர்கள்; களைத்த கைதான் விபத்துக்கு வழிவிடுகிறது.

அடுத்தது, குண்டுகளில் நிரப்பும் டி.என்.டி. என்ற வெடிபொருள். முதல் உலகப்போர் நாளில் இதைக் கையாண்ட பெண்களின் தோலும் முடியும் மஞ்சளித்ததால் மஞ்சள் நிறக் கேனரிப் பறவையின் பெயரால் அவர்களைக் 'கேனரிப் பெண்கள்' என்றே அழைத்தார்கள். இந்த நஞ்சு மூச்சு வழியாக மட்டுமன்றித் தோல் வழியாகவும் உடலுக்குள் போகும் என்பதால், முகமூடியைக் கொடுத்துவிட்டுக் கடமை முடிந்ததென்று இருந்துவிட முடியாது. தூசி எழும் இடத்திலேயே அதை உறிஞ்சி வெளியேற்ற வேண்டும்; வேலையுடுப்பைத் தொழிற்சாலையிலேயே துவைக்க வேண்டும்; வேலைக்கூடத்தில் சாப்பாட்டை அனுமதிக்கவே கூடாது. கை கழுவும் நேரத்தையும் வேலைநேரத்திலேயே சேர்த்துக் கொடுங்கள். இல்லையென்றால் யாரும் பொறுமையாகக் கழுவ மாட்டார்கள். இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் சல்ஃபைட் கலந்த சோப்பு பயன்பட்டது. தோலில் டி.என்.டி. எஞ்சியிருந்தால் நுரை சிவக்கும். அந்தச் சிவப்பு மறையும்வரை விரலிடுக்கிலும் நக இடுக்கிலும் தேய்த்துக் கழுவ வேண்டும்.

இவ்வளவு செய்தாலும் சிலருக்கு நஞ்சு ஏறிவிடும். மஞ்சள் நிறம் மட்டுமே ஆபத்தின் அளவுகோல் அல்ல. தோலில் சாயம் ஏறியவர் நலமாக இருக்கலாம், ஏறாதவரின் கல்லீரல் கெட்டுக்கொண்டிருக்கலாம். முகம் வெளிறுதல், உதடு சாம்பல் கலந்த நீலமாதல், பசியின்மை, குமட்டல், வயிற்றுவலி, காரணமில்லாத தூக்கக்கலக்கம் ஆகியவற்றில் ஒன்று தென்பட்டாலும் அன்றே அந்த வேலையிலிருந்து மாற்றிவிட வேண்டும். கண் வெண்படலம் மஞ்சளாகும்வரை காத்திருந்தால் மருத்துவரால் செய்யக்கூடியது குறைந்துவிடும். 1916-இல் பிரிட்டனில் இந்த நச்சுக் காமாலையால் 52 பேர் இறந்ததாகப் பதிவானது. ஆட்களைச் சுழற்சி முறையில் மாற்றுவது, மருத்துவர் அடிக்கடி பார்ப்பது போன்ற நடைமுறைகள் வேரூன்றிய பின், 1918-இல் அது 10 ஆகக் குறைந்தது.

ஆனால் கூலி போய்விடுமென்ற பயம் இருக்கும்வரை யாரும் நோயைச் சொல்ல மாட்டார்கள். வீட்டில் அடுப்பெரிய வேண்டுமே என்று உதட்டைக் கடித்துச் சிவக்கவைத்துக்கொண்டு வரிசையில் நிற்கும் பெண்ணை எந்தப் பரிசோதனையாலும் காப்பாற்ற முடியாது. மாற்று வேலைக்கும் அதே கூலி உண்டு என்பதை எழுதி, வாயிலில் ஒட்டுங்கள். அக்காலத்தில் இந்தத் தொழிலாளர்களுக்குக் கொடுத்த பால் நல்ல உணவுதான், நஞ்சுமுறிவு அல்ல. அதைக் காட்டி, அதே கூலியில் மாற்று வேலை தரும் ஏற்பாட்டைத் தட்டிக்கழிக்கக் கூடாது.

தீப்பெட்டி, உலோகக் கொண்டையூசி, ஆணியடித்த செருப்பு ஆகியவை உள்ளே போகாதபடி ஒவ்வொரு ஷிப்டிலும் சோதனை நடக்க வேண்டும். அதோடு ஒரு அறைக்குள் எத்தனை பேர், எவ்வளவு வெடிமருந்து என்பதற்கும் வரம்பு வேண்டும். 1916 டிசம்பர் 5 இரவு, லீட்ஸ் நகருக்கு அருகேயுள்ள பார்ன்போ தொழிற்சாலையில் ஒரே அறையில் நிகழ்ந்த வெடிப்பில் 35 பெண்கள் மாண்டார்கள். அவசர உத்தரவு வந்த நாளிலும் அந்த வரம்பைத் தாண்டச் சொல்லும் அதிகாரம் யாருக்கும் இருக்கக் கூடாது.