பழைய வீட்டை முதியோர் மையமாக மாற்ற நிதி திரட்டுவது எப்படி?

மயிலாப்பூர், திருவல்லிக்கேணி பக்கம் பூட்டிக் கிடக்கும் பழைய வீடு ஒன்று உங்கள் குடியிருப்போர் சங்கத்துக்குக் கிடைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். தெருவிலுள்ள பெரியவர்கள் பகலில் வந்து பேப்பர் படிக்க, கேரம் ஆட, பி.பி. பார்த்துக்கொள்ள ஓர் இடம். உடனே ரசீது புத்தகம் அச்சடிக்கத்தான் கை பரபரக்கும். அதற்கு முன் சில வேலைகள் இருக்கின்றன.

படி 1: பத்திரத்தைப் பாருங்கள்

பதிவுத்துறை இணையதளத்தில் வில்லங்கச் சான்று எடுங்கள். இந்தப் பகுதிகளில் வீடு ஒருவருடையது, அடிமனை கோயிலுடையது என்பது சகஜம். கோயில் நிலமானால் ஐந்து ஆண்டுக்கு மேற்பட்ட குத்தகைக்கு அறநிலையத் துறை ஆணையரின் அனுமதி வேண்டும். தனியார் வீடானால், ஓராண்டைத் தாண்டும் எந்தக் குத்தகையையும் பதிவு செய்தே ஆக வேண்டும். "நம்ம மனுஷர், வாய்ப்பேச்சே போதும்" என்பார்கள். நாளைக்கு அவர் வாரிசுகள் வந்து நின்றால், ஊர்ப் பணத்தில் ஒட்டிய டைல்ஸைப் பெயர்த்துக்கொண்டா வர முடியும்? குடியிருப்பு வீட்டைப் பொது உபயோகத்துக்கு மாற்ற என்ன அனுமதி தேவை என்பதையும் மாநகராட்சி மண்டல அலுவலகத்தில் இப்போதே கேட்டுவிடுங்கள்.

படி 2: இன்ஜினியரைக் கூட்டிப்போங்கள்

பழைய சென்னை வீடுகளில் பெரும்பாலும் மெட்ராஸ் டெரஸ்தான்: தேக்கு உத்தரங்களின் மேல் செங்கல்லைக் குறுக்குவாக்கில் நிறுத்தி, சுண்ணாம்புக் கலவையில் கட்டிய கூரை. நடுவில் பார்த்தால் கம்பீரமாக இருக்கும். உத்தரம் சுவருக்குள் நுழைகிற முனையைப் பாருங்கள். மழைநீர் இறங்குவதும் கரையான் ஏறுவதும் அங்கேதான். ஸ்க்ரூ டிரைவரால் குத்தும்போது பொசுக்கென்று உள்ளே போனால் செலவு வேறு கணக்கு. அந்த முனையை போட்டோ எடுத்து வையுங்கள். பத்துப் பக்க வேண்டுகோளைவிட அது அதிகம் பேசும்.

இன்னொன்று, வாசல். சாய்தளத்துக்கு ஓர் அடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம் என்பது கணக்கு. திண்ணை இரண்டடி உயரமானால் 24 அடி சாய்தளம் வேண்டும். குறுகலான முகப்பில் அதை எங்கே மடக்குவது என்பதை வரைபடத்திலேயே முடிவு செய்யுங்கள். கழிவறைக் கைப்பிடி, வழுக்காத தரை எல்லாவற்றுக்கும் தனித்தனியாக மதிப்பீடு வாங்குங்கள்.

படி 3: அமைப்பைப் பதிவு செய்யுங்கள்

சங்கமாக இருந்தால் 1975-ஆம் ஆண்டு தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டத்தின்படி குறைந்தது ஏழு பேர் வேண்டும். அறக்கட்டளை என்றால் சார்பதிவாளர் அலுவலகம். பிறகு ஆடிட்டர் மூலம் வருமான வரித் துறைப் பதிவும், எல்லோரும் 80ஜி என்று சொல்லும், நன்கொடை கொடுப்பவருக்கான வரிச்சலுகை அனுமதியும். ரொக்கமாக 2,000 ரூபாய்க்கு மேல் கொடுத்தால் அந்தச் சலுகை கிடைக்காது, புதிய வரிமுறையில் இருப்பவர்களுக்கும் கிடையாது. இதை நன்கொடையாளரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். கியூஆர் கோடு அமைப்பின் வங்கிக் கணக்குடையதாக இருக்கட்டும். செயலாளரின் சொந்த ஜிபே எண் வேண்டவே வேண்டாம், அவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும்.

படி 4: மொத்தத் தொகையைக் கேட்காதீர்கள்

"முப்பது லட்சம் தேவை" என்றால் கேட்பவர் மலைத்துப்போய் நூறு ரூபாயோடு நிறுத்திக்கொள்வார். மதிப்பீட்டை உடைத்துப் பட்டியலாக்குங்கள்: ஓர் உத்தரம், ஒரு கழிவறை, சாய்தளத்தில் ஓர் அடி, ஒரு மின்விசிறி. நமக்கு உபயம் புதிதா என்ன! அப்பா பெயரில் ஒரு ஜன்னல் என்றால் மனசு வரும். ஆனால் எல்லாப் பெயரையும் வாசலில் ஒரே பலகையில் எழுதிவிடுங்கள். டியூப்லைட் முழுக்க 'உபயம்' எழுதி வெளிச்சத்தை மறைத்த கோயில்களை நாம் பார்த்தாயிற்று.

படி 5: யாரிடம் கேட்பது

முதலில் தெரு. உள்ளூரில் சேர்ந்த தொகையைக் காட்டினால்தான் வெளியாரிடம் பேச்சு எடுபடும். அடுத்து ரோட்டரி, லயன்ஸ் சங்கங்கள். கம்பெனிகள் சமூகப் பணிக்கு ஒதுக்கும் சிஎஸ்ஆர் நிதியும் உண்டு; 2013 கம்பெனிகள் சட்டத்தின் ஏழாம் அட்டவணையில் முதியோர் பகல்நேர மையம் வெளிப்படையாகவே இடம்பெற்றிருக்கிறது. ஆனால் மூன்று ஆண்டு அனுபவம் கேட்பார்கள் என்பதால், புது அறக்கட்டளை ஏற்கெனவே இயங்கும் ஒரு தொண்டு நிறுவனத்தோடு சேர்ந்து விண்ணப்பிப்பதே வழி. கட்டடம் மாநகராட்சியுடையது என்றால் 'நமக்கு நாமே' திட்டத்தைப் பற்றிக் கேளுங்கள். மக்கள் மூன்றில் ஒரு பங்கு போட்டால் மீதியை அரசு போடும்.

வெளிநாட்டுப் பிள்ளைகள் பணத்தில் மட்டும் கவனம். இந்திய பாஸ்போர்ட் வைத்திருப்பவர் வங்கி வழியாக அனுப்பலாம். அமெரிக்கக் குடியுரிமை வாங்கியவர், இந்திய வம்சாவளியினருக்குத் தரும் ஓசிஐ அட்டை இருந்தாலும், வெளிநாட்டவர்தான். வெளிநாட்டு நன்கொடை வாங்குவதற்கான எஃப்சிஆர்ஏ அனுமதி இல்லாமல் அவர் பணத்தைத் தொடாதீர்கள்.

படி 6: கரண்ட் பில்லுக்கும் சேர்த்துக் கேளுங்கள்

பலர் கோட்டை விடுவது இங்கேதான். கட்டடத்துக்குக் கொடுக்க ஆள் வரும். வாட்ச்மேன் சம்பளம், துப்புரவு, கரண்ட் பில்லுக்கு என்றால் யாரும் வரமாட்டார்கள். அதனால் பட்டியலிலேயே 'ஒரு நாள் செலவு' என்று ஒரு வரி சேருங்கள். பிறந்தநாள், திதி என்று ஆண்டுதோறும் அதே தேதிக்குக் கொடுப்பவர்கள் கிடைப்பார்கள். வரவு செலவை மாதாமாதம் அறிவிப்புப் பலகையில் ஒட்டுங்கள். ஓராண்டு நடத்தும் செலவு வங்கியில் சேரும்வரை திறப்பு விழாவுக்கு நாள் குறிக்க வேண்டாம்.