டென்ஸ் வைத்தும் விரல் சூடாகவில்லை

முழங்கை வலிக்கு வாங்கிய டென்ஸ் கருவியை (தோலில் ஒட்டும் பட்டைகள் வழியே மெல்லிய மின்துடிப்பு அனுப்பி வலியைத் தணிப்பது), எப்போதும் ஜில்லிட்டுக் கிடக்கும் விரல்களுக்காகவும் முன்கையில் ஒட்டிப் பார்த்தேன். 100 ஹெர்ட்ஸ், அதாவது நொடிக்கு 100 துடிப்பு; சுகமான குறுகுறுப்பு. விரல்நுனி வெப்பமானி மட்டும் அசையவே இல்லை.

கோளாறு நான் வைத்த அளவில். வெறும் குறுகுறுப்புக்குத் தோலின் ரத்த ஓட்டம் பெரிதாக மாறாது. 4 ஹெர்ட்ஸுக்கு இறக்கி, தசை வெட்டி வெட்டி இழுக்கும்வரை மின்னோட்டத்தைக் கூட்டினேன் (பேஸ்மேக்கர் உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் தொடவே வேண்டாம்). தசை சுருங்கி விரியும்போது அங்கே ரத்தம் கூடுதலாகப் பாயும். பட்டையைச் சுற்றித் தோல் வெதுவெதுப்பானது.

அளந்ததிலும் தப்பு. குளிரிலிருந்து வந்ததுமே அளந்திருக்கிறேன்! இப்போது 20 நிமிடம் ஒரே அறையில் உட்கார்ந்த பிறகே வெப்பமானியை எடுக்கிறேன். விரல்நுனியில் மாற்றம் சொற்பம்தான். முன்கையில் நன்றாகவே தெரிகிறது.