போட்டி ஒழுங்கைத் தேடுமுன் தராசைப் பாருங்கள்

சென்ற ஐப்பசியில், சென்னையில் மழை விடாமல் பெய்துகொண்டிருந்த ஒரு பிற்பகலில், எங்கள் ஆய்வகத்துக்குப் புதிதாக வந்த மாணவி ஒருவர் லாந்தனம் ஆக்சைடு புட்டியைத் திறந்து வைத்தபடியே எடை போட்டுக்கொண்டிருந்தார். அதைப் பார்த்ததும் எழுந்த எரிச்சல் அவர்மீதானதன்று. என் ஆய்வுக்காலத்தில் ஏழு மாதங்களை விழுங்கிய பிழை அது. தாமிர ஆக்சைடுகளில் மின்தடையே இல்லாமல் மின்சாரம் பாயும் நிலையான மீக்கடத்தலையும், அதனோடு போட்டியிடும் ‘ஒழுங்குகளை’, அதாவது மின்துகள்களின் வேறு அணிவகுப்புகளையும், ஆராயும் மாணவர்களுக்காக இதை எழுதுகிறேன். எந்தப் பாடநூலிலும் கிடைக்கும் எச்சரிக்கைகளை விட்டுவிட்டு, இந்தப் பிழையிலிருந்தே தொடங்குகிறேன்.

எழுதிய விகிதத்தை உண்மை விகிதமாக நம்புவது

1986-இல் பெட்னோர்ஸும் மியூல்லரும் உயர்வெப்பநிலை மீக்கடத்தலைக் கண்டது லாந்தனம் பேரியம் தாமிர ஆக்சைடில்தான். அதில் ஒரு தாமிர அணுவுக்கு 0.125 என்ற அளவில் பேரியம் சேரும்போது, மீக்கடத்தல் தொடங்கும் மாறுநிலை வெப்பநிலை, மற்ற அளவுகளில் 30 கெல்வினைத் தாண்டுவது, ஏறத்தாழ 4 கெல்வினுக்குச் சரிந்துவிடும். மீக்கடத்தலுக்காக இணையிணையாகச் சேர வேண்டிய மின்துகள்கள் அங்கே கோடுகோடாக அணிவகுத்து நிற்கின்றன. இதன் நெருங்கிய உறவான, நியோடிமியம் கலந்த சேர்மம் ஒன்றில் அந்தக் கோடுகளை 1995-இல் டிரான்குவாடா குழுவினர் நியூட்ரான் சிதறலால் காட்டினர்.

பேரியம் 0.095 என்று கணக்கிட்டு நான் செய்த மாதிரி, 30 கெல்வினை ஒட்டி மீக்கடத்தியாக மாறுவதற்குப் பதில் 15 கெல்வினுக்கும் கீழேதான் மாறியது. யாரும் காணாத புதிய போட்டி ஒழுங்கு ஒன்று கிடைத்துவிட்டதாக நம்பிக் கட்டுரை வரைவே எழுதி முடித்தேன். லாந்தனம் ஆக்சைடு காற்றின் ஈரத்தை உறிஞ்சி ஹைட்ராக்சைடாக மாறும் என்பதும், 100 கிராம் ஆக்சைடு முழுமையாக மாறினால் 116.6 கிராம் எடை காட்டும் என்பதும் அப்போது என் நினைவுக்கு வரவில்லை. அப்படி மாறிய பொடியை ஆக்சைடென்று எடுத்தால் லாந்தனம் குறைந்து, 0.095 என்பது 0.11 ஆகிவிடும், அது சரிவுக்குள்ளேயே இருக்கும் அளவு. எக்ஸ்கதிர் வரைபடத்தில் 35.5, 38.7 பாகைகளை ஒட்டி, மிஞ்சிய தாமிர ஆக்சைடின் சிறு முகடுகள் தெளிவாகவே நின்றன. மாசு என்று ஒதுக்கினேன். அந்த மாசுதான் பதிலைச் சொல்லிக்கொண்டிருந்தது.

ஆகவே பொடியை 900 டிகிரி செல்சியசுக்கு மேல் பல மணி நேரம் சுட்டு, டெசிக்கேட்டர் என்னும் ஈரம் புகாத மூடிய கலத்தில் ஆறவிட்டு, எடுத்த உடனே எடை போடுங்கள். கல்வத்தில் அரைக்கத் தொடங்குமுன் புட்டியை மூடி உள்ளே வையுங்கள். நம் ஊர்க் காற்றில் நேற்றுச் சுட்ட பொடி இன்றைக்கு ஆகாது.

ஆக்சிஜனை ஊகிப்பது

இட்ரியம் பேரியம் தாமிர ஆக்சைடில் துளைகளின் (எலக்ட்ரான் இல்லாத, மின்சாரத்தைக் கடத்தும் வெற்றிடங்களின்) எண்ணிக்கையை ஆக்சிஜன் அளவே தீர்மானிக்கிறது, அளக்காமல் எழுதாதீர்கள்.

சேர்ந்து தென்பட்டாலே போட்டி என்பது

இரண்டு ஒழுங்குகள் ஒரே மாதிரியில் இருப்பது உடனிருப்பு மட்டுமே. ஒன்று தளரும்போது மற்றது வலுப்பெறுகிறதா என்று காட்டினால்தான் அது போட்டி. 2012-இல் இட்ரியம் சேர்மத்தில் செய்யப்பட்ட எக்ஸ்கதிர் அளவீடுகள் இதற்கு நல்ல பாடம்: குளிரக் குளிர வளர்ந்த மின்னூட்ட அடர்த்தி அலை (மின்னூட்டம் அலைபோல் கூடியும் குறைந்தும் அடுக்கப்படும் ஒழுங்கு), மீக்கடத்தல் தொடங்கியதும் தளர்ந்தது, 17 டெஸ்லா வரை காந்தப்புலம் செலுத்தி மீக்கடத்தலை நலிவுறச் செய்தபோது மீண்டும் வளர்ந்தது. புலத்தை மாற்றிப் பார்க்காத மாணவர், தம் கட்டுரையில் ‘போட்டி’ என்ற சொல்லைப் பயன்படுத்தாமல் இருப்பதே முறை.

போலி இடைவெளியும் அலையும்

மாறுநிலை வெப்பநிலைக்கு மேலேயே எலக்ட்ரான் ஆற்றல்நிலைகள் ஓரளவு குறைந்துவிடுவதே போலி இடைவெளி. அதுவும் மின்னூட்ட அடர்த்தி அலையும் ஒன்றல்ல.

பகையாக மட்டும் காண்பது

கோடுகள் மீக்கடத்தலுக்குப் பகை மட்டுமே என்றும் எண்ண வேண்டாம். பேரியம் 0.125 அளவுள்ள அதே லாந்தனம் சேர்மத்தில், மாதிரி முழுவதும் பரவும் பருமன் மீக்கடத்தல் 4 கெல்வினை ஒட்டியே வந்தாலும், தாமிர-ஆக்சிஜன் அடுக்குகளுக்குள் மின்தடை 40 கெல்வினை ஒட்டியே திடீரென வீழ்வதை 2007-இல் கண்டனர். அடுக்குகளுக்குள் இணைகள் உருவாகியிருந்தும் அடுக்குக்கு அடுக்கு தொடர்பு அறுந்திருக்கிறது என்றே பலர் இதை விளக்குகின்றனர். அந்த மாதிரியைத் தளத்தின் திசையில் மட்டும் அளந்தவருக்கும், செங்குத்துத் திசையில் மட்டும் அளந்தவருக்கும் வெவ்வேறு வெப்பநிலைகள் கிடைத்திருக்கும்.