தோற்கும் அணிக்கு நோட்டுப் போடுவது எப்படி

நான் இருப்பது அமெரிக்காவின் நெப்ராஸ்கா மாநிலத்தில், லிங்கன் நகரத்தில். பல்கலைக்கழகத்தின் அமெரிக்கக் கால்பந்து அணியான ஹஸ்கர்ஸ் இங்கே ஆடும் சனிக்கிழமை ஊரே சிவப்புச் சட்டைதான். அந்த அணி 2021-இல் 12 ஆட்டங்களில் 9-இல் தோற்றது. நானும் பத்து வயது மகனும் ஒவ்வொரு ஆட்டத்துக்கும் ஒரு பக்கம் எழுதிவைத்தோம். உங்கள் கல்லூரி அணியும் தோற்றுக்கொண்டே இருந்தால் நீங்களும் ஒரு நோட்டு வாங்குங்கள்.

ஆட்டம் முடிந்த ராத்திரியே எழுதிவிடுங்கள். ஞாயிறு காலைப் பேப்பரைப் படித்துவிட்டால் ஊரார் ஆத்திரம் உங்கள் பேனாவில் ஏறிவிடும்.

முதலில் எத்தனை புள்ளியில் தோற்றார்கள் என்று குறியுங்கள். எங்கள் நோட்டில் இருந்தது இது: 8, 7, 3, 3, 7, 5, 9, 7, 7. ஒரு டச்டவுனும் (பந்தை எதிரணியின் கடைசிக் கோட்டுக்கு அப்பால் கொண்டுசேர்ப்பது) அதையொட்டிய கூடுதல் புள்ளிகளும் சேர்ந்தால் 8 வரை கிடைக்கும். அப்படியென்றால் எட்டுத் தோல்விகள் ஒரே ஒரு டச்டவுன் தூரத்தில் நின்றவை. ஆண்டு முழுக்க எடுத்தது 335, விட்டது 272. அடி வாங்கிய அணியின் கணக்கா இது என்று மகன் இரண்டு தடவை கூட்டிப் பார்த்தான். ஆனால் வென்ற மூன்று ஆட்டங்களில் மட்டுமே 119 புள்ளி கூடுதல். அவற்றைத் தனியே வைத்துத்தான் மற்றதைப் பார்க்க வேண்டும்.

அடுத்து, பக்கத்தை மூன்றாகக் கோடு போடுங்கள்: தாக்குதல், தடுப்பு, உதை. புள்ளி எங்கே கைநழுவியதோ அந்தக் கட்டத்தில் எழுதுங்கள். மூன்றாவது கட்டத்தை யாரும் கவனிப்பதில்லை. எங்களுக்கு அதுதான் நிரம்பி வழிந்தது. ஓக்லஹோமாவுடன் ஆடியபோது, எங்கள் டச்டவுனுக்குப் பிந்தைய கூடுதல் புள்ளி உதையைத் தடுத்து, எதிரணி அதையே தனக்கு 2 புள்ளியாக்கியது. மிச்சிகன் ஸ்டேட்டுடன் 20-13 என்று முன்னணியில் இருக்கையில், நாலு நிமிடம்கூட மிச்சமில்லாதபோது, எங்கள் அணி பந்தை எதிரணிக்கு விட்டுத் தூர உதைத்தது. தடுக்க ஓடியவர்கள் ஒரு பக்கம், பந்து மறு பக்கம். பந்தை வாங்கிய எதிரணிக்காரர் நேரே ஓடி டச்டவுன் போட்டார். கூடுதல் நேரத்தில் 23-20 என்று போய்விட்டது.

நடுவில் எழுந்து வரக் கூடாது. அயோவாவுடன் 21-6 என்று முன்னணி. மைதானத்தில் குளிரில் உட்கார்ந்திருந்தோம். கடைசிக் குவார்ட்டரில் எங்கள் உதை தடுக்கப்பட்டு எதிரணிக்கு டச்டவுனானது, முடிவு 28-21. மகன் வீடு வரும்வரை பேசவில்லை. அன்றைக்கும் எழுதினான்.

நிர்வாகம் என்ன செய்கிறது என்பதையும் தேதி போட்டு எழுதுங்கள். நவம்பர் 8-இல் தாக்குதல் பிரிவின் நான்கு துணைப் பயிற்சியாளர்களை நீக்கினார்கள். நான் எங்கள் மூன்றாவது கட்டத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். சீசன் முடிந்து டிசம்பரில்தான் உதைக்கென்று தனிப் பயிற்சியாளர் வந்தார். அன்று எனக்கு அத்தனை நிம்மதி.

நோட்டை மூடிவிடாதீர்கள், அடுத்த ஆண்டும் தொடருங்கள். 2022-இன் முதல் ஆட்டம் டப்ளினில், நார்த்வெஸ்டர்ன் அணியுடன். 28-17 என்று முன்னணியில் இருந்தபோது, உதைத்த பந்தைத் தாங்களே மீட்க ஒரு குட்டை உதை உதைத்தார்கள். பந்து எதிரணியிடம் போனது. தோல்வி 31-28. மகன் என்னைக் கேட்காமலே மூன்றாவது கட்டத்தில் எழுதினான்.