டிராக் டேக்குச் சொந்தக் காரைக் கொண்டுபோகும் முன் இன்சூரன்ஸில் பார்க்க வேண்டியவை

சொந்தக் காரைப் பந்தயத் தடத்தில் ஓட்டிப் பார்க்க ஏற்பாடு செய்யும் நாள்தான் டிராக் டே. சாலையில் ஓட்டுவதற்கென்று எடுத்த கார் பாலிசி, பந்தயத் தடத்தின் கேட்டைத் தாண்டியதும் பெரும்பாலும் கைவிட்டுவிடும். போட்டி இல்லை, பரிசு இல்லை, பயிற்சியாளர் பக்கத்தில் உட்கார்ந்து பிரேக் பிடிக்கவும் வளைவில் திரும்பவும் சொல்லித் தருகிறார், அவ்வளவுதான் என்றாலும் நிலைமை பெரிதாக மாறாது. சேதம் வந்தால் அதில் எந்தப் பங்கு யாருடையது என்பது காரை ஸ்டார்ட் செய்வதற்கு முன்பே தெரிந்திருக்க வேண்டும். நிகழ்ச்சிக்கு மூன்று நான்கு வாரம் இருக்கும்போதே தொடங்குங்கள். கம்பெனியிடம் எழுத்தில் பதில் வாங்க அவ்வளவு நாள் தேவைப்படும்.

சாலைப் பாலிசியை எப்படிப் படிப்பது

முதல் பக்கச் சுருக்கத்தை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. முழு வாசகத்தையும் வாங்கி நான்கு இடங்களில் தேடுங்கள்: சொல் விளக்கங்கள், வண்டியை எதற்குப் பயன்படுத்தலாம் என்ற வரம்பு, விலக்குகள், கடைசியாகப் புதுப்பித்தபோது சேர்ந்து வந்த எண்டார்ஸ்மென்ட் (பாலிசி வாசகத்தை மாற்றும் இணைப்பு) தாள்கள். கடைசியில் சொன்னதைத்தான் பலரும் பிரிப்பதே இல்லை. போன வருடம் இல்லாத விலக்கு இந்த வருடம் அதில் நுழைந்திருக்கலாம்.

விலக்கு வாசகங்கள் பெரும்பாலும் மூன்று வகை. பழைய வகை, "பந்தயம், வேகப் போட்டி, அவற்றுக்கான பயிற்சி அல்லது ஆயத்தம்" என்று சொல்லும். ஓட்டும் வகுப்பு இதற்குள் வராது என்று வாதாட இடம் உண்டு. ஆனால் "பயிற்சி" என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டு கம்பெனியும் வாதாடும். அதனால் இந்த வாசகத்தை நம்பித் தடத்தில் இறங்குவதை நாங்கள் பரிந்துரைப்பதில்லை. இரண்டாவது வகை இடத்தைக் குறிக்கும்: "பந்தயத்துக்காக அமைக்கப்பட்ட வளாகத்துக்குள் இருக்கும் வண்டி". இதில் அடுத்து வரும் சொற்களைக் கவனியுங்கள். "போட்டியிடும் நோக்கத்தில்" என்று தொடர்ந்தால் இடம், நோக்கம் இரண்டும் பொருந்த வேண்டும். அப்படித் தொடராமல் வாக்கியம் அங்கேயே முடிந்தால், பேடக்கில் (தடத்தை ஒட்டிக் கார்கள் நிற்கும் இடம்) நிறுத்தி வைத்த காரை வேறொருவர் இடித்தாலும் கிளெய்ம் இல்லை. மூன்றாவது வகை "டிராக் டே, ஓட்டுநர் பயிற்சி, திறன் நிகழ்ச்சி" என்று பெயர் சொல்லியே விலக்கும். அங்கே பேச்சுக்கு இடமில்லை.

ஜெர்மனியின் நூர்பர்க்ரிங் நார்ட்ஷ்லைஃப என்ற பந்தயத் தடம் இதற்கு நல்ல உதாரணம். பொதுமக்களுக்குத் திறக்கும் நேரங்களில் அது கட்டணம் செலுத்தி ஓட்டும் ஒருவழிச் சாலை, போக்குவரத்துச் சட்டமும் பொருந்தும். ஆகவே சாலைப் பாலிசி போதும் என்று நினைத்துப் போகிறவர்கள் உண்டு. அதைத் தடுக்கவே அந்த இடத்தின் பெயரைச் சொல்லி விலக்கும் பாலிசிகள் வந்தன.

படித்து முடித்ததும் கம்பெனிக்கு மின்னஞ்சல் அனுப்புங்கள். "என் கார் டிராக்கில் கவர் ஆகுமா?" என்று ஒரே வரியில் கேட்டால், "பாலிசி நிபந்தனைகளுக்கு உட்பட்டு" என்று ஒரே வரியில் பதில் வரும். இப்படிக் கேளுங்கள்:

"இன்ன தேதியில், இன்ன தடத்தில், இன்ன அமைப்பாளர் நடத்தும் ஓட்டுநர் பயிற்சியில் என் காருடன் கலந்துகொள்ள இருக்கிறேன். லாப் (தடத்தின் ஒரு சுற்று) நேரம் கணக்கிடப்படாது. தரவரிசையோ பரிசோ கிடையாது. முன்னால் போகிறவர் கைசைகை காட்டினால் மட்டுமே முந்த முடியும். காரில் பயிற்சியாளர் இருப்பார். அமைப்பாளரின் விதிமுறைகளை இணைத்துள்ளேன். (1) என் காருக்கு ஏற்படும் சேதம், (2) பிறர் உடலுக்கும் உடைமைக்கும் ஏற்படும் சேதம், (3) உடன் இருக்கும் பயிற்சியாளருக்கு ஏற்படும் காயம் ஆகிய மூன்றுக்கும் என் பாலிசி பொறுப்பேற்குமா என்பதை, உரிய பிரிவு எண்ணுடன் தெரிவிக்கவும்."

பிரிவு எண் கேட்பதுதான் இந்தக் கடிதத்தின் உயிர். அதைக் குறிப்பிட வேண்டியிருப்பவர் வாசகத்தைத் திறந்து பார்த்தே ஆக வேண்டும். ஏஜென்ட் போனில் "அதெல்லாம் ஒண்ணும் ஆகாது" என்று சொல்வது கிளெய்ம் மேசையில் செல்லாது.

தடத்தில் அடிபட்ட காரை வெளியே இழுத்துவந்து சாலை விபத்து என்று எழுதலாம் என யோசனை சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். அது மோசடி. அது நிற்கவும் நிற்காது. ஏர்பேக் கட்டுப்பாட்டுப் பெட்டியில் மோதலுக்கு முந்தைய சில விநாடிகளின் வேகம், பிரேக், ஆக்ஸிலரேட்டர் நிலை எல்லாம் பல கார்களில் பதிவாகும். சக்கர வளைவுக்குள் தடத்து ரப்பர் துணுக்குகள் ஒட்டியிருக்கும். டயர் தோள் தேய்ந்திருக்கும் விதமும் சேதத்தை மதிப்பிட வரும் சர்வேயருக்குக் கதை சொல்லும். போதாததற்கு யாராவது எடுத்த வீடியோ இணையத்தில் இருக்கும். கார் போவதோடு, இனி எந்தக் கம்பெனியிலும் பாலிசி எடுக்க முடியாத பெயரும் சேரும்.

நாள் கணக்கில் எடுக்கும் டிராக் பாலிசி

அமெரிக்கா, பிரிட்டன் போன்ற நாடுகளில் ஒரு நிகழ்ச்சிக்கு மட்டும், அல்லது வருடத்தில் இத்தனை நிகழ்ச்சிகளுக்கு என்று தனிப் பாலிசி கிடைக்கிறது. இப்படிப்பட்டவற்றைச் சாதாரண ஏஜென்ட்கள் வைத்திருப்பதில்லை. மோட்டார் விளையாட்டு இன்சூரன்ஸ் மட்டும் செய்யும் புரோக்கரைத் தேடுங்கள். உங்கள் ஊரில் அப்படி யாரும் இல்லையென்றால் அமைப்பாளரிடமும், தடத்தின் நிர்வாகத்திடமும், மோட்டார் கிளப்பிடமும் குழுக் காப்பீடு உண்டா என்று கேளுங்கள்.

பெரும்பாலான டிராக் பாலிசிகள் உங்கள் காரின் மோதல் சேதத்துக்கு மட்டும்தான். மதிப்பு "ஒப்புக்கொண்ட மதிப்பு" முறையில் இருக்கும். அதாவது முழு நஷ்டமானால் எவ்வளவு என்பதை முன்கூட்டியே எழுதிவிடுவார்கள். டிடக்டபிள், அதாவது ஒவ்வொரு கிளெய்மிலும் நீங்கள் ஏற்க வேண்டிய பங்கு, பெரும்பாலும் நிலையான தொகை இல்லை, காரின் மதிப்பில் ஒரு சதவீதம். 10 சதவீதம் அடிக்கடி பார்ப்பது.

காரின் மதிப்பை 100 என்று வைத்துக்கொள்வோம், டிடக்டபிள் 10. ரிப்பேர் 30 ஆனால் கம்பெனி 20 தரும். ரிப்பேர் 8 என்றால் ஒன்றும் வராது. பம்பர், ஃபென்டர், ஹெட்லைட் அளவிலான அடிகள் பல கார்களில் இந்த 10-க்குள் அடங்கிவிடும். டிராக் பாலிசி பெரிய மோதலுக்கானது என்பதை இந்தக் கணக்கு தெளிவாகக் காட்டுகிறது.

பிரீமியத்தைக் குறைக்க மதிப்பை 60 என்று எழுதும் ஆசை வரும். பகுதிச் சேதத்தில் விகிதக் கணக்கு போடும் பிரிவு உங்கள் பாலிசியில் இருந்தால் என்ன ஆகும் பாருங்கள். ரிப்பேர் 30. அதில் 60 சதவீதம், 18. டிடக்டபிள் 6 போக, கையில் 12. முழு மதிப்புக்கு எடுத்திருந்தால் 20 வந்திருக்கும். முழு நஷ்டத்திலோ 54-க்கு மேல் ஒரு காசு வராது. இந்தப் பிரிவு உண்டா என்று கேட்டுவிட்டு மதிப்பை எழுதுங்கள்.

காரில் செய்த மாற்றங்களை மதிப்பில் சேர்ப்பது தனி வேலை. சஸ்பென்ஷன், பெரிய பிரேக் காலிப்பர், பக்கெட் சீட், ஹார்னஸ், தடத்துக்கென்று வைத்திருக்கும் இரண்டாவது செட் வீல் எல்லாவற்றையும் பட்டியலிட்டு, பில்லும் படமும் சேர்த்து அனுப்புங்கள். பட்டியலில் இல்லாத பொருளைக் காரோடு தொழிற்சாலையிலிருந்தே வந்ததாக எண்ணி, அந்த விலைக்குத்தான் கணக்குப் பார்ப்பார்கள். முழு ரோல் கேஜ் (கார் உருண்டால் காக்கும் கம்பிக் கூண்டு) போட்டிருந்தால் அதை மறைக்காமல் சொல்லுங்கள். சில கம்பெனிகள் அதைப் பந்தயக் கார் வகையில் வைக்கும். சொல்லாமல் விட்டால் பாலிசியே செல்லாமல் போகலாம்.

பணம் கட்டும் முன் கேட்க வேண்டியவை இன்னும் உண்டு. ஓட்டுநராக யார் பெயர் இருக்கிறது? பயிற்சியாளர் இரண்டு லாப் ஓட்டிக் காட்டினால் அப்போதும் பொருந்துமா? இது பல இடங்களில் நடக்கும் சாதாரண விஷயம், பல பாலிசிகளில் இல்லாத விஷயமும்கூட. காப்பு தடத்தில் ஓடும் நேரத்துக்கு மட்டுமா, பேடக்குக்கும் உண்டா? மழையால் நிகழ்ச்சி தள்ளிப்போனால் பாலிசியைப் புதிய தேதிக்கு மாற்றுவார்களா? லாப் நேரம் கணக்கிடுவதைப் பாலிசி விலக்கியிருந்தால் போனில் ஓடும் லாப் டைமர் ஆப்கூட பிரச்சினையா? நிகழ்ச்சி நாள் காலையில் வாங்க முடியாத பாலிசிகளும் உண்டு. முந்தைய நாளுக்குள் கட்ட வேண்டும் என்றால் ரசீதும் பாலிசி எண்ணும் கையில் வந்தபிறகுதான் கிளம்ப வேண்டும்.

இயந்திரக் கோளாறு யாருடைய கணக்கு?

எஞ்சின் வெடிப்பது, கிளட்ச் எரிவது, தவறான கியருக்கு இறக்கி எஞ்சினை வரம்பு மீறிச் சுழல விடுவது, டயரும் பிரேக்கும் தேய்வது எல்லாம் உங்கள் செலவு. நடுவில் ஒரு மங்கலான இடம் இருக்கிறது: கோளாறினால் வரும் மோதல். பிரேக் போய்ச் சுவரில் மோதினால், பழுதான பாகத்தை விட்டுவிட்டு மோதல் சேதத்தை மட்டும் ஏற்கும் பாலிசி உண்டு, இரண்டையும் மறுக்கும் பாலிசியும் உண்டு. ஏற்கும் பாலிசியிலும் வண்டியைச் சரியாகப் பராமரித்ததற்கு ஆதாரம் கேட்பார்கள்.

இந்த ஆதாரத்தில் முதலில் பார்க்கப்படுவது பிரேக் ஆயில். அது காற்றின் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். டாட் 4 என்ற வகை பிரேக் ஆயிலின் கொதிநிலை தரப்படி புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி செல்சியஸ், ஈரம் ஏறியபின் குறைந்தது 155. தொடர்ந்து கடுமையாகப் பிரேக் பிடிக்கும்போது காலிப்பருக்குள் பழைய ஆயில் கொதித்து ஆவியாகும், பெடல் தரை வரை போய்விடும். நிகழ்ச்சிக்கு முன் ஆயில் மாற்றி, தேதியுள்ள பில்லை வைத்துக்கொள்ளுங்கள். பேட் தடிமன், வீல் நட் டார்க், டயர் தயாரிப்பு வாரம் ஆகியவை எழுதிய சோதனைத் தாளையும் அதனுடன் சேருங்கள்.

உங்கள் காரைத் தவிர மற்ற செலவுகள்

பலருக்கும் அதிர்ச்சி தருவது இந்தப் பில்தான். தட ஓரத்து இரும்புத் தடுப்பான கார்ட்ரெயிலை நீங்கள் வளைத்தால் சரிசெய்யும் செலவைத் தடத்தின் நிர்வாகம் உங்களிடம் வாங்கலாம். நூர்பர்க்ரிங்கில் அது வழக்கமான நடைமுறை. கொட்டிய எண்ணெயைச் சுத்தம் செய்வது, கிரேன், தடம் மூடிய நேரம் ஆகியவற்றுக்கும் கட்டணம் வைக்கும் இடங்கள் உண்டு. பதிவுப் படிவத்திலேயே இது எழுதியிருக்கும், கையெழுத்துக்கு முன் படியுங்கள். இதற்கான காப்பை டிராக் பாலிசியில் தனியாகக் கேட்டுச் சேர்க்க வேண்டும்.

மற்றொரு காரை இடித்தால்? அவரவர் சேதம் அவரவருக்கு என்பதே பல டிராக் டேக்களின் விதி. படிவத்தில் பொறுப்புத் துறப்பு இருக்கும், அதன் சட்ட வலு நாட்டுக்கு நாடு மாறும். அமைப்பாளரின் இன்சூரன்ஸ் பெரும்பாலும் பார்வையாளர்களையும் அமைப்பாளரையும் காக்கும், சில நேரம் பங்கேற்பவருக்கு விபத்து மருத்துவச் செலவையும் தரும். உங்கள் காரை அது தொடாது. சட்டப்படி கட்டாயமான தேர்ட் பார்ட்டி காப்பும் தடத்துக்குள் வரும் என்று எண்ணிவிட வேண்டாம். ஐரோப்பிய ஒன்றியம் 2021-இல் திருத்திய விதியிலேயே, மூடிய இடத்தில் மாற்றுக் காப்புடன் நடக்கும் மோட்டார் விளையாட்டு கட்டாயக் காப்பின் எல்லைக்கு வெளியே வைக்கப்பட்டது.

கடனிலோ லீஸிலோ உள்ள காரென்றால் அந்த ஒப்பந்தத்தையும் பாருங்கள். கார் முழு நஷ்டமானாலும் தவணை நிற்காது. தடத்தில் ஓட்டக்கூடாது என்று நேரடியாகத் தடுக்கும் லீஸ் ஒப்பந்தங்களும் உண்டு. உங்கள் மருத்துவ, ஆயுள், விபத்துப் பாலிசிகளில் மோட்டார் விளையாட்டு விலக்கு இருக்கிறதா என்பதையும் அதே வாரத்தில் பார்த்துவிடுங்கள். காரை விட இது முக்கியம்.

எடுக்கலாமா, வேண்டாமா

இந்தக் கார் நாளை இல்லாமல் போனால் வாழ்க்கை தடுமாறுமா என்பதுதான் கேள்வி. தினமும் வேலைக்குப் போகும் கார், கடன் பாக்கியுள்ள கார் என்றால் டிராக் பாலிசி எடுத்துவிடுங்கள். தடத்துக்கென்றே வாங்கிய பழைய கார், அதன் மதிப்பைச் சேமிப்பிலிருந்து தாங்க முடியும் என்றால், பிரீமியத்தைத் தனிக் கணக்கில் போட்டுவருவது மேல். தடமும் கணக்கில் வரும். விரிந்த புல்வெளி ஓரம் உள்ள இடத்தில் சறுக்கினால் பெரும்பாலும் மண்ணோடு முடியும். சுவர் நெருங்கிய தடத்தில் அதே சறுக்கல் சேஸி வரை போகும். கூம்புகள் வைத்துத் திறந்த மைதானத்தில் குறைந்த வேகத்தில் நடக்கும் வகுப்புக்குத் தனிப் பாலிசி அநேகமாக வீண். ஆனால் அங்கேயும் பிறருக்கு ஏற்படும் சேதத்துக்கு யார் பொறுப்பு என்று கேட்டுவையுங்கள்.

அன்று காலையிலும், மோதினாலும்

முதல் செஷனுக்கு முன் நான்கு மூலைகள், கூரை, கண்ணாடி, வீல், டயர், ஓடோமீட்டர், சேஸி எண், எஞ்சின் அறை எல்லாவற்றையும் படம் எடுங்கள். பழைய கீறல்களையும் விடாமல் எடுங்கள், அப்போதுதான் புதியது எது என்பதில் சச்சரவு வராது.

மோதிவிட்டால், தீயோ புகையோ இல்லாதவரை பெல்ட்டைக் கழற்றாமல் உள்ளேயே இருந்து தடத்தின் பாதுகாப்பு ஊழியரான மார்ஷலுக்காகக் காத்திருங்கள். பிற கார்கள் ஓடும் தடத்தில் இறங்கி நிற்பது மோதலைவிட ஆபத்து. கூலன்ட் அல்லது ஆயில் சிந்தியிருந்தால் மறுபடி ஸ்டார்ட் செய்யாதீர்கள். அதனால் எஞ்சின் போனால் அது தனிச் சேதமாகி, கிளெய்முக்கு வெளியே போய்விடும்.

பேடக்குக்கு வந்ததும் கட்டுப்பாட்டு அறையின் சம்பவ அறிக்கையின் நகலைக் கேளுங்கள். சாட்சிகளின் எண்களை வாங்குங்கள், கேமரா அட்டையை எடுத்துப் பத்திரப்படுத்துங்கள். தவறு யாருடையது என்று எழுதிக் கொடுக்க வேண்டாம். நடந்ததை மட்டும் சொன்னால் போதும். கம்பெனிக்கு அன்றே தகவல் கொடுங்கள், பாலிசியில் மணிக்கணக்கில் கெடு இருக்கலாம். வீடு வரை இழுத்துச் செல்லும் செலவும் ஒர்க்‌ஷாப் நிறுத்தக் கட்டணமும் பல பாலிசிகளில் சேராது. அதனால் சர்வேயர் எங்கே வந்து பார்ப்பார் என்று முதலில் கேட்டுவிட்டு, நேராக அங்கேயே அனுப்புங்கள்.

சர்வேயர் பார்ப்பதற்கு முன் எதையும் கழற்ற வேண்டாம். அவர் பார்க்கும்போது பம்பர், அண்டர்டிரே, வீல் லைனர் கழற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். சக்கரம் அடிபட்ட மோதலில் சப்ஃபிரேம் (சஸ்பென்ஷனைத் தாங்கும் சட்டம்) சில மில்லிமீட்டர் நகர்ந்திருப்பது வெளியிலிருந்து தெரியாது. வீல் அலைன்மென்ட் அளவுத் தாளில்தான் அது பிடிபடும். இறுதித் தொகைக்குக் கையெழுத்துப் போடுவதற்கு முன் அந்தத் தாளை எடுத்து, பிறகு தெரியவரும் மறைந்த சேதத்துக்குக் கூடுதல் கிளெய்ம் செய்யலாம் என்பதை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.