பிள்ளைகளோடு செய்ய ஹாலோவீன் பேய்ப் பலகாரங்கள்

அக்டோபர் 31 அன்று பேய் வேடம் போட்டுக் கொண்டாடும் ஹாலோவீனுக்குப் பலகாரம் கோணல்மாணலாக வந்தால்தான் பார்க்கப் பயமாக இருக்கும், அதனால் கேக் மேல் நுணுக்கமாகச் சிலந்தி வலை வரைகிற வேலையை எல்லாம் விட்டுவிட்டு, சின்னக் கைகளுக்கு உருட்டவும் பிசையவும் தோதானதாக எடுங்கள். என் முதல் சிபாரிசு சூனியக்காரி விரல் பிஸ்கட்.

மெத்தென்று இருக்கும் வெண்ணெய் 100 கிராம், பொடித்த சர்க்கரை 50 கிராம் இரண்டையும் குழைத்து, அதில் 150 கிராம் மைதாவும் ஒரு சிட்டிகை உப்பும் சேர்த்துப் பிசையச் சொல்லுங்கள். முதலில் உதிர்ந்துகொண்டே இருக்கும், தண்ணீர் ஊற்றிவிடாதீர்கள், கைச்சூட்டில் வெண்ணெய் இளகி மாவு தானாகச் சேர்ந்துவிடும். அப்புறம் விரல் மாதிரி உருட்ட வேண்டும், அதுவும் பிள்ளைகளின் விரல் கனத்துக்குத்தான், ஏனென்றால் ஓவனில் இது பருக்கும். நடுவில் இரண்டு இடத்தில் லேசாக அழுத்தி, ஸ்பூன் காம்பால் மூன்று நான்கு கோடு கீறினால் மூட்டு வந்துவிடும். நுனியில் தோல் உரித்த ஒரு பாதாமை அழுத்தினால் நகம். பச்சை மாவைத் தின்ன விடாதீர்கள், வேகாத மைதாவில் கிருமி இருக்கலாம்.

தட்டோடு அரை மணி நேரம் ஃபிரிட்ஜில் வையுங்கள். பிள்ளைகள் பொறுக்க மாட்டார்கள்தான், ஆனால் வெண்ணெய் இறுகாமல் ஓவனுக்குள் போனால் விரல் பரந்து தட்டையாகிவிடும். 170 டிகிரியில் சுமார் 15 நிமிடம், ஓரம் லேசாகச் சிவந்ததும் எடுத்துவிடலாம். ஆறியபின் நகத்தை மெல்லப் பெயர்த்து, அடியில் துளி சிவப்பு ஜாம் வைத்துத் திரும்ப அழுத்தினால் ரத்தம் கசியும். இந்த வேலைக்குத்தான் வீட்டில் சண்டை வரும்!

5 வயதுக்குக் குறைந்த பிள்ளைகளுக்கு முழுப் பாதாம் தரவே கூடாது, தொண்டையில் அடைத்துக்கொள்ளும். அவர்களுக்கும், பாதாம் ஒத்துக்கொள்ளாதவர்களுக்கும் ஸ்பூன் நுனியால் நகத்தை வரைந்துவிட்டாலே போதும்.

அடுப்பே வேண்டாம் என்றால் வாழைப்பழப் பேய். பழத்தைக் குறுக்கே பாதியாக வெட்டி, வெட்டின பக்கம் கீழே இருக்கும்படி நிறுத்தி, சாக்லேட் சிப்ஸில் இரண்டு கண்ணும் ஒரு வாயும் வையுங்கள், அவ்வளவுதான். சீக்கிரம் கறுக்கும், எலுமிச்சைச் சாறு தடவினால் கொஞ்சம் தாங்கும்.

கடையில் வாங்கின பிஸ்கட்டையே மம்மி (துணி சுற்றிய எகிப்தியப் பிணம்) ஆக்கலாம்: உருக்கிய வெள்ளை சாக்லேட்டைக் குறுக்கும் நெடுக்குமாகக் கட்டுத்துணி போல ஊற்றிக் கண் ஒட்டினால் சரி. உருக்குவது பெரியவர் வேலை, கொதிநீர்ப் பாத்திரத்தின் மேல் கிண்ணத்தை வைத்து உருக்குங்கள், ஒரு சொட்டுத் தண்ணீர் உள்ளே போனாலும் சாக்லேட் கெட்டியாகித் திரிந்துவிடும்.

விரல் பிஸ்கட்டை அக்டோபர் 28 வாக்கிலேயே சுட்டு, காற்றுப் புகாத டப்பாவில் போட்டு வைக்கலாம். ஜாமை மட்டும் 31ஆம் தேதி வையுங்கள், முன்பே வைத்தால் பிஸ்கட் நமுத்துவிடும்.